மிளகா, பயறா?

உடையார்பாளையத்தில் எழுந்தருளியிருக்கும் ஈசுவரனுக்குப் பயறணீசுவரர் என்று திருநாமம். அந்தத் திருநாமத்துக்கு ஒரு கதை சொல்லுவார்கள். மலைநாட்டு வியாபாரி ஒருவன் மிளகுப் பொதிகளை மாடுகளின் மேல் ஏற்றிக்கொண்டு இவ்வழியே வந்தானாம். மிளகுக்குச் சுங்கம் உண்டு, பயறுக்குக் கிடையாது. சாவடியில் கேட்டவர்களிடம், "பொதியில் இருப்பது பயறு" என்று கூசாமல் சொல்லிவிட்டுக் கடந்து போனான். போன இடத்தில் பொதியை அவிழ்த்துப் பார்த்தால் மிளகைக் காணோம், அத்தனையும் பயறு! அலறிப் புடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஈசுவரன் சந்நிதியில் விழுந்து, சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டான். பயறு மறுபடியும் மிளகாயிற்று.

இந்தக் கதையை நான் பல வருஷங்களாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லி வருகிறேன். பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே கேட்டு வருகிறார்கள். ஊராருக்குச் சொன்ன உபதேசம் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

தை மாதம், பொங்கல் கழிந்து பத்து நாள் இருக்கும். மாலையில் காண்டீப தீர்த்தக் கரை வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் கொட்டகை வாசலில் சிறு கூட்டம். நடுவே ஒரு பழைய புல்லட். பக்கத்தில், முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டு, செம்மண் புழுதியில் குளித்தவர் போல் ஒரு வெள்ளைக்காரர். கொட்டகைக்காரர் என் பழைய மாணவர்.

"ஐயா, நல்ல சமயத்தில் வந்தீர்கள்! கிளட்ச் ஒயர் அறுந்துவிட்டது. மாற்றிவிட்டேன். ஆனால் இவர் என்ன சொல்லுகிறார் என்பதுதான் புரியவில்லை" என்றார்.

விசாரித்தேன். அவர் பெல்ஜியம் தேசத்தவர். தச்சு வேலை செய்பவர். விமானத்தில் டில்லி வந்து இறங்கி, கரோல் பாகில் ஒரு கடையில் இந்தப் பழைய வண்டியை வாங்கி, இரண்டு மாதமாக ஊர் ஊராக வருகிறாராம். கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது என்றேன். "நீங்களும் வாருங்களேன்" என்றார். நாற்பத்தைந்து வயது வாத்தியார் நடுத்தெருவில் புல்லட்டின் பின்புறம் ஏறுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். ஏறிவிட்டேன். கொட்டகைக்காரர் ஓடி வந்து தம்முடைய தலைக்கவசத்தை என் தலையில் மாட்டினார். "பின்னால் உட்காருபவருக்கும் உண்டு ஐயா, சட்டம்" என்றார். மாணவனிடம் பாடம் கேட்பதிலும் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

ஜயங்கொண்டம் வரைக்கும் சாலைக்கு இருபுறமும் முந்திரித் தோப்புகள் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தன. பூ விட்டிருந்த காலம். மாலைக் காற்றில் அந்தப் பூவின் மணமும் செம்மண் வாசனையும் சேர்ந்து வீசின. வண்டியோ 'தட், தட்' என்று கல்யாண மேளத்தைப் போல் நிதானமாக முழங்கிக்கொண்டு போயிற்று.

அந்தச் சத்தத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்தது. அங்கே முதல் மோட்டார் சைக்கிள் செய்தது 1901-ஆம் வருஷம். 'புல்லட்' என்ற பெயர் 1932-இல் வந்தது. நம் ராணுவத்துக்கு எல்லைப்புற மலைகளில் ஓடக்கூடிய வண்டி வேண்டியிருந்தது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களையே இங்கே செய்யலானார்கள். 1970-ஐ ஒட்டி ரெட்டிச்சின் கதை முடிந்துபோயிற்று. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட் கப்பல் ஏறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போயிற்று! இதை நான் அவர் காதில் கத்திச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் இந்த வண்டியும் என்னைப் போல் அந்நியன்தான். ஆனால் அதற்கு இங்கே குடியுரிமை கிடைத்துவிட்டது" என்றார்.

கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 216 அடி; இது ஏறக்குறைய 180 அடி. மகன் தகப்பனாருக்கு மேல் உயராமல் அடக்கமாக நின்றுவிட்டான் என்பார்கள். அடக்கமான அந்த மகன்தான் 1025-ஆம் வருஷத்தில் கடல் கடந்து கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திரன். 2004-இல் இக்கோயில் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. தச்சர் விமானத்தின் வளைவுகளைக் கையாலே காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் நின்றார்.

பிறகு புல்தரையில் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் கேட்டார்:

"இன்னும் இரண்டு வாரத்தில் சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறேன். அடுத்த தை மாதம் மறுபடி வருவேன். இந்த வண்டியை விற்க மனம் வரவில்லை. உங்கள் வீட்டில் கொட்டகை இருக்கிறதா?"

"இருக்கிறது. பழைய சைக்கிளும் விறகும் கிடக்கின்றன."

"அங்கே இதை விட்டுவிட்டுப் போகட்டுமா? வருஷம் முழுவதும் நீங்கள் ஓட்டலாம். ஒரே ஒரு விஷயம். வண்டியின் பதிவுச் சீட்டு டில்லியில் யாரோ ஒருவர் பெயரில் இருக்கிறது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவர் கையெழுத்திட்ட வெற்றுப் பாரங்களைக் கடையில் கொடுத்தார்கள். அவற்றில் உங்கள் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொள்ளலாமா? வெறும் பெயர்தான், வண்டி என்னுடையதுதானே?"

நேயர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இளமையில் புல்லட் வாங்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன் என்று ஒவ்வொன்றாக வந்து அதைக் கொட்டகை மூலைக்குத் தள்ளிவிட்டன. இப்போது காசில்லாமல், கேட்காமல், வண்டியே என் கொட்டகையைத் தேடி வருகிறது! "யோசித்துச் சொல்லுகிறேன். இன்று இரவு எங்கள் வீட்டில் தங்குங்கள்" என்றேன்.

திரும்பும் வழியில் என் மனம் பள்ளிக்கூட வாசலில் புல்லட்டை நிறுத்திக்கொண்டிருந்தது.

வந்தவரை ஆதரிப்பதில் எங்கள் ஊருக்குப் பழைய பெருமை உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில், மொகலாயப் படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சீபுரத்து வரதராஜப் பெருமாளையே உடையார்பாளையத்துக்குக் கொண்டுவந்து ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பெருமாள் 1710-இல் காஞ்சிக்குத் திரும்பிய செய்தி அந்தக் கோயிலில் கல்வெட்டாகவே இருக்கிறது. தெய்வத்துக்கே அடைக்கலம் கொடுத்த பாளையத்தில், ஒரு பெல்ஜியத் தச்சருக்குக் கொட்டகையில் இடமில்லை என்று சொல்லுவதா? இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

விருந்தாளிக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் பரிமாறிவிட்டு, என் மனைவி சமையலறையில் விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இந்த மனுஷர் போகிற வழியில் யார் மேலாவது வண்டியை ஏற்றிவிட்டால், போலீஸார் பெல்ஜியத்துக்கா போவார்கள்? நம் வீட்டுக்கு வருவார்களா?"

எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் அறியாமல் கேட்ட கேள்வி, நான் மறக்க முயன்றுகொண்டிருந்த ஒரு நாளை எழுப்பிவிட்டது.

மூன்று வருஷங்களுக்கு முன் கோடை விடுமுறையில் வியட்நாம் போயிருந்தேன். ஹோய் ஆன் என்ற ஊருக்கு அப்பால் மி சன் என்ற இடத்தில் பழைய சம்பா அரசர்கள் கட்டிய சிவாலயங்கள் இருக்கின்றன. 1969-இல் குண்டு விழுந்து பல இடிந்துபோயின. மிஞ்சியவை 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயின. அங்கே போக ஒரு கடையில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்தேன். கடைக்காரர் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தார். என் பையில், ஆயிரம் ரூபாய் கட்டி வாங்கிய சர்வதேச ஓட்டுநர் சீட்டும் இருந்தது. ஆனால் அது அந்த நாட்டில் செல்லாது என்று முதல் நாள் இரவே உடன் தங்கியிருந்த ஒருவர் சொல்லியிருந்தார். நம் நாடு கொடுப்பது 1949-ஆம் வருஷத்து ஜினீவா உடன்படிக்கைச் சீட்டு. வியட்நாம் ஏற்பதோ 1968-ஆம் வருஷத்து வியன்னா உடன்படிக்கைச் சீட்டு. "யார் கேட்கப் போகிறார்கள்?" என்று நினைத்துக்கொண்டு சாவியை வாங்கினேன்.

மழை பெய்த சாலை. ஒரு வளைவில், வாழைக்குலைகளைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு வந்த கிழவி ஒருத்தி எதிர்ப்பட்டாள். பிரேக்கை அழுத்தினேன். வண்டி வழுக்கி, நானும் அவளும் வாழைக்குலையும் ஒன்றாகச் சாய்ந்தோம். அவளுக்கு முழங்காலில் சிராய்ப்பு. எனக்கு மணிக்கட்டு முறிவு. அவள் எழுந்து முதலில் செய்த காரியம், தன் குவளையிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்ததுதான். என்னிடம் இருந்த பணத்தை அவள் கையில் திணித்தேன். அவள் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வைத்தியச் செலவுக்காகக் காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதினேன். அந்த நாட்டில் செல்லுபடியாகும் சீட்டு இல்லாமல் வண்டி ஓட்டியதால் பணம் கிடையாது என்று பதில் வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மிளகைப் பயறு என்று சொன்னவன் நான். பொதியை அவிழ்த்தபோது பயறாக இருந்தது. ஆனால் சிராய்ப்போடு போகாமல் அந்தக் கிழவியின் இடுப்பு முறிந்திருந்தால்? அவளுக்கு ஒரு காசு கிடைக்க வழியுண்டா? அந்நியன் நான் மறுநாள் விமானம் ஏறியிருப்பேன்.

அன்று இரவு எழுந்து உட்கார்ந்து, பழைய மோட்டார் பிரயாணிகளைப் பற்றிப் படித்ததையெல்லாம் நினைத்துக்கொண்டேன். 1932-இல் புறப்பட்ட அமெரிக்கர் ராபர்ட் எடிசன் ஃபுல்டன் டக்ளஸ் மோட்டார் சைக்கிளில் உலகத்தைச் சுற்றினார். நம் நாட்டின் வழியாகவும் போனார். ஆஸ்திரியா தேசத்து மாக்ஸ் ரைஷ் 1933-இல் ஒரு சிநேகிதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வியன்னாவிலிருந்து பம்பாய்க்கு வந்தார். டெட் சைமன் 1973 முதல் 1977 வரை நான்கு வருஷம் டிரயம்ப் வண்டியில் உலகம் சுற்றினார். எல்ஸ்பெத் பேர்டு என்ற ஆங்கிலப் பெண்மணி 1982-இல் தனியாகப் புறப்பட்டு 1984-இல் வீடு திரும்பினார். இவர்களெல்லாம் சொந்த வண்டியில் வந்தவர்கள். அப்படி வருகிறவர்களுக்காக ஏற்பட்டது 'கார்னே' என்னும் சுங்கப் புத்தகம். "இந்த வண்டியை உங்கள் நாட்டில் விற்கமாட்டார், திரும்பக் கொண்டுபோய்விடுவார், தவறினால் சுங்கத்துக்கு நாங்கள் பொறுப்பு" என்று மோட்டார் சங்கம் ஜாமீன் நிற்கிற ஏற்பாடு அது. சாவடியில் 'மிளகு' என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து போகிற வழி.

இப்போதோ பலர் வெறுங்கையோடு விமானத்தில் வந்து இங்கேயே வண்டி வாங்குகிறார்கள். அங்கேதான் சிக்கல் பிறக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்தக்காரர் எங்கே வசிக்கிறாரோ அல்லது தொழில் செய்கிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அங்கே அதைப் பதிய வேண்டும். சுற்றிப் பார்க்க வந்தவருக்கு இங்கே வசிப்பிடம் ஏது? வாடகை ஒப்பந்தம் செய்துகொண்டு நீண்ட காலம் தங்குகிறவர் தம் பெயரிலேயே பதிய முயலலாம். நாளுக்கு ஓர் ஊர் என்று போகிறவர் இன்னொருவர் பெயரை இரவல் கேட்கிறார். பெயர் இரவல் கொடுக்கிறவரோ தாம் என்ன கொடுக்கிறோம் என்பதை அறிவதில்லை. வண்டியை விற்றுவிட்டாலும், பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் சொந்தக்காரர். விபத்து நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டில்லியில் முகம் தெரியாமல் ஒருவர் இருக்கிறாரே, அவர் இரண்டு மாதமாகத் தமக்குத் தெரியாமலேயே ராஜஸ்தானத்திலும் கேரளத்திலும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்!

விடிந்ததும் தச்சரைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். வியாபாரியின் கதையைச் சொன்னேன். வியட்நாம் கிழவியின் கதையையும் சொன்னேன். அதை நான் என் மனைவியிடம்கூட முழுவதும் சொன்னதில்லை. பிறகு சொன்னேன்: "எங்கள் வீட்டில் உங்களுக்கு எப்போதும் சோறு உண்டு, பாய் உண்டு. கொட்டகையும் உண்டு. பெயர் மட்டும் கிடையாது. அந்த வண்டியை ஓட்டுபவர் நீங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நான் என்றால், நடுவில் அடிபடுகிறவருக்குச் சரியான பதில் சொல்ல ஆள் இருக்காது."

அவர் முகம் வாடியது. "டில்லியில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்களே" என்றார்.

"வியட்நாமிலும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்" என்றேன்.

வெறும் மறுப்போடு விருந்தாளியை அனுப்பக்கூடாது அல்லவா? மெக்கானிக் கொட்டகையில் பெஞ்சியில் உட்கார்ந்து, செய்ய வேண்டியதை மூவருமாக ஒரு காகிதத்தில் எழுதினோம். வண்டி கைமாறினால் 29, 30-ஆம் எண் பாரங்கள் வேண்டும். விற்றவர் உரிய கெடுவுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வேறு மாகாணத்தில் பதிவை மாற்றுவதானால் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கு 28-ஆம் பாரம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாகாணத்தில் வைத்திருந்தால் புதுப்பதிவு. மூன்றாம் நபருக்கான காப்பீடு இல்லாமல் சாலையில் ஏறவே கூடாது. கையில் இருக்கும் சர்வதேசச் சீட்டில் மோட்டார் சைக்கிள் வகுப்புக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கார் ஓட்டும் சீட்டு இதற்கு உதவாது. இவ்வளவும் வேண்டாம் என்றால் நேர்வழி ஒன்று உண்டு. வாடகைக்கு மோட்டார் சைக்கிள் கொடுப்பதற்கென்றே 1997-இல் சர்க்கார் ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு வரும் வண்டி அது. அதில் ஏறுகிறவர் யார் பெயரையும் இரவல் வாங்க வேண்டியதில்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவளை வணங்கினார். தெருமுனை திரும்பும் வரை 'தட், தட்' கேட்டது. எனக்குத் தொண்டையை அடைத்தது, விருந்தாளி போவதனாலா, வண்டி போவதனாலா என்று நான் ஆராயவில்லை.

ராஜேந்திரன் காலத்துக்குப் பின், 1088-இல், சுமத்ரா தீவில் பாரூஸ் என்னும் துறைமுகத்தில் தமிழ் வணிகர் ஒரு கல் நாட்டினார்கள். ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழுவினரின் கல்வெட்டு அது. கப்பலில் வருகிறவர் உரிய ஆயத்தைப் பொன்னாகச் செலுத்திவிட்டே உள்ளே வரவேண்டும் என்று அந்நிய மண்ணில் தமிழிலேயே எழுதி வைத்தார்கள். சாவடியில் உள்ளதைச் சொல்லி, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பவனுக்குத்தான் அடுத்த வருஷமும் அதே துறையில் கப்பல் நிறுத்த முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று எங்கள் தாலுகாவிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லி அனுப்புவது இதுதான்: போகிற நாட்டில் வண்டியைத் தொடுமுன், உன் சீட்டு அங்கே செல்லுமா, வண்டி யார் பெயரில் இருக்கிறது, அடிபட்டவருக்கு யார் கொடுப்பார் என்ற மூன்று கேள்விகளையும் நீயே கேட்டுக்கொள், பிறர் கேட்கும் வரை காத்திராதே.

பங்குனி மாதத்தில் பெல்ஜியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சென்னையில் பெட்ரோலை வடித்துவிட்டு வண்டியை ரயில் பார்சலில் டில்லிக்கே அனுப்பி, வாங்கிய கடைக்கே திருப்பி விற்றுவிட்டாராம். வெற்றுப் பாரங்களை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போட்டாராம். வாங்கிய விலையில் நல்ல பங்கு நஷ்டம். "மிளகுக்குச் சுங்கம் கட்டியதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த தை மாதம் மஞ்சள் எழுத்து வண்டியில் வருகிறேன். உங்களைப் பின்னால் ஏற்றிக்கொள்ள அனுமதி உண்டா?" என்று எழுதியிருந்தார். உண்டு என்று பதில் எழுதினேன்.

தெருவில் புல்லட் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்னும் என் கண் கொட்டகைப் பக்கம் போகத்தான் செய்கிறது. பழைய சைக்கிளும் விறகும் கிடக்கின்றன. சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறேன். அது என் பெயரில்தான் இருக்கிறது.